மாதிரி மேடம்

திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மேடத்திடம் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, இந்த பஸ் ராஜபாளையம் போகுமா?"

பஸ்ஸின் நெற்றியில் ராஜபாளையம் என்று எழுதியிருந்தது. கண்டக்டர் படியில் நின்று ராஜபாளையம், ராஜபாளையம் என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார். இவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி போர்டை ஒருமுறை படித்துவிட்டு, "அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

பெரியவருக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. ஏறிய காலை எடுத்துக் கீழே வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைத் தேடிப் போய்விட்டார்.

பின் சீட்டில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "போகும்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மேடம்? பாவம், கெழவரு."

"போறதுக்குள்ள டயர் வெடிச்சா, போகும்னு நான் சொன்னது பொய்யாயிரும்லா அண்ணாச்சி?"

பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது, "பாத்தீங்களா, போயிருச்சு" என்றேன். "இந்தத் தடவை" என்றார்.

இது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. அவர் இப்போது வேறு ஊரில் வேறு மரங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மரங்களைப் பிடிக்கிற பூஞ்சைகளை இன்னது என்று அடையாளம் காண்பது அவர் வேலை. அப்போது திருவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இரண்டு அறையைக் கொடுத்து, ஒரு திட்டத்துக்காக வைத்திருந்தார்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், பூஞ்சையைப் பற்றி நான் எழுதியதில் என்னென்ன பிழை என்று கேட்க அவரே போன் செய்வார். எப்படியும் எங்கள் பக்கத்தில் அவர் சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மாதிரி மேடம் என்றால்தான் தெரியும்.

தமிழில் மாதிரி என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சோதித்துப் பார்க்க எடுக்கிற துண்டும் மாதிரி. அதுபோல இருக்கிறது என்று சொல்வதும் மாதிரி. இந்த இரண்டும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும் முதலில் "மாதிரி எடுக்கணும்" என்பார். பட்டையைச் சீவி, உறையில் போட்டு, நாள், இடம், மரம் எல்லாம் பென்சிலால் எழுதி முடித்த பிறகு தோட்டக்காரர் கைகட்டி நின்று, "என்ன சீக்கும்மா இது?" என்று கேட்டால், "கருகல் மாதிரி இருக்கு" என்பார். கையில் இருப்பதும் மாதிரி, வாயில் வருவதும் மாதிரி. பெயர் வைக்காமல் இருக்க முடியுமா ஊர்?

ஆளுக்கு ஒரு பேச்சு உண்டு என்பது என் கணக்கு. கடையில் உட்கார்ந்து முப்பது வருஷமாக அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் அக்கா எதற்கெடுத்தாலும் "அது கெடக்கட்டும், சாப்பிட்டியா?" என்பாள். அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அவர் பேச்சு: "ஆமாவா, இல்லையா? நடுவுல உள்ளதெல்லாம் சிவிலியன் பேச்சு." இப்படிப்பட்ட மச்சானையும் இப்படிப்பட்ட மேடத்தையும் ஒரே மாந்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். அதற்கு வருகிறேன்.

ராஜபாளையத்தில் எனக்குக் கட்டுத்துணியும் பஞ்சும் மொத்தமாக விற்கிற கடை. முதல் தடவை அவர் கடைக்கு வந்தபோது, "தண்ணி குடிக்காத பஞ்சு இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் வந்து கேட்கிற கேள்வியா இது? இங்கே செய்கிற பஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போவது. தொட்டவுடன் உறிஞ்ச வேண்டும். அதற்காகவே பஞ்சை வேகவைத்து, அதன் மேல் பிறவியிலேயே ஒட்டியிருக்கிற மெழுகை எடுத்து, வெளுத்து, காயப்போட்டு அத்தனை பாடுபடுகிறோம்.

"நல்லாக் கேட்டீங்க மேடம். உங்க ஊர்ப் பால்கோவாக் கடையில போய் இனிக்காத பால்கோவா இருக்கான்னு கேப்பீங்களோ?"

"எங்கம்மாவுக்கு சுகர். கேட்டுப் பாத்துட்டேன். இல்லைன்னுட்டாங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பூஞ்சை வளர்க்கிற கண்ணாடிக் குழாய்களுக்கு மூடி போடத்தான் அந்தப் பஞ்சு. காற்று உள்ளே போக வேண்டும், ஈரம் ஏறக் கூடாது. ஈரம் ஏறினால் கண்ட பூஞ்சையும் அந்த வழியாக உள்ளே குடிபோய்விடும். வேகவைப்பதற்கு முந்தின பஞ்சு ஒரு மூட்டை வாங்கிவைத்து, "இது தண்ணி குடிக்காது, நான் கேரண்டி" என்றேன். ஒரு டம்ளரில் தண்ணீர் கேட்டார். ஒரு துணுக்குப் பஞ்சைப் பிய்த்து அதில் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சு மிதந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் பஞ்சைப் பார்த்தார். இரண்டு பேர் வந்து சாமான் வாங்கிப் போய்விட்டார்கள். பஞ்சு அப்போதும் மிதந்தது.

"இந்தத் துண்டு குடிக்கல" என்று எழுந்தார். எனக்கு நிம்மதி. "மூட்டைக்கு அடியில இருந்து இன்னொரு துண்டு குடுங்க."

எங்கள் தெருவில் ஒருவர் ராஜபாளையம் நாய்க்குட்டிகள் வளர்த்து விற்பவர். ஒருநாள் அவர் வாசலைத் தாண்டும்போது, "மேடம், நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க, சுத்தமான குட்டிதானே?" என்று தூக்கிக் காட்டினார். பக்கத்தில் வாங்க வந்தவர் நின்றுகொண்டிருந்தார். இவர் குத்தவைத்து உட்கார்ந்து குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு. மூக்கு ரோஸா இருக்கு. காது மடிஞ்சிருக்கு."

"அப்ப சுத்தமானதுதானே?"

"பாக்கிறதுக்கு அந்த மாதிரிதான். உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கணும்."

"உள்ளன்னா எங்க?"

"ரத்தத்துல."

வாங்க வந்தவர் அன்றைக்கு வாங்காமலே போனார். நாய்க்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கூட்டிக்கொண்டு வந்தது நான் என்பதால் எனக்குத்தான் தண்டனை.

அன்று டீக்கடையில் வைத்து, "அது என்ன மேடம் உள்ள எழுத்து?" என்று கேட்டேன். டிஎன்ஏ என்று நானும் பேப்பரில் படித்திருக்கிறேன். அப்பன் யார் என்று கண்டுபிடிக்க கோர்ட்டில் கேட்பது என்ற அளவுக்குத் தெரியும்.

"பூஞ்சைக்கும் அதேதான். கண்ணுக்குத் தெரியிற லட்சணம் பாதி. நிறம், விதைத்தூள், அது வளர்ற விதம். உள்ள இருக்கிற எழுத்து மீதி. ரெண்டும் ஒரே ஆளைக் காட்டினாத்தான் பேர் சொல்லலாம்."

"எழுத்தே தெரிஞ்ச பொறவு லட்சணம் எதுக்கு?"

"உலகம் பூரா உள்ளவங்க, தாங்க படிச்ச எழுத்தை எல்லாம் ஒரு பொதுவான இடத்துல பேரோட போட்டு வச்சிருக்காங்க. நம்ம எழுத்தை அதுல தேடினா 'இது இன்னார்'னு காட்டும். போட்டவர் தப்பான பேர் போட்டிருந்தாருன்னா?"

எனக்கு உடனே பஸ் போர்டுதான் ஞாபகம் வந்தது.

"அதுவும் போக, ஒரு இடத்து எழுத்தை மட்டும் படிச்சாப் பத்தாது அண்ணாச்சி. எங்க தெருவுல நின்னு ஆண்டாள்னு கூப்பிடுங்க. ஏழு பேர் திரும்பிப் பாப்பாங்க. அப்பா பேரையும் சேத்துச் சொன்னாத்தான் ஒருத்தி மட்டும் நிப்பா."

எனக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருக்கவும் இல்லை. ஆனால் ஆண்டாள் ஏழு பேர் என்றவுடன் புரிந்துவிட்டது. நல்ல வாத்தியார் அவர். வாத்தியாரிடம் ஒரு குறைதான்: பரீட்சையில் எந்த விடையைக் கொடுத்தாலும் "இருக்கலாம்" என்று போட்டுவிடுவார்.

இப்போது மாந்தோப்பு.

ராஜபாளையத்தைத் தாண்டி, தேவதானத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற பக்கம் மச்சானுக்கு நாற்பத்தியொரு மாமரம். ரிட்டையர் ஆகி வந்து வாங்கியது. அணிவகுப்பில் நிறுத்திய மாதிரி வரிசை பிடித்து நிற்கும். ஒரு கோடையில் கிளை நுனிகள் காயத் தொடங்கின. இலை காய்ந்தும் உதிராமல் கிளையிலேயே தொங்கியது. பட்டையில் பிசின் வடிந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே கட்டை பழுப்பு ஓடிக் கிடந்தது.

உரக்கடைக்காரர் போனில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது வாடல் நோய். வண்டு பரப்பும், அரிவாள் பரப்பும். ஒரு மரத்துக்கு வந்தா அம்புட்டும் போயிரும். வெட்டி எரிச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு நோய் இருப்பது உண்மை. வந்த மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது என்பதும் உண்மை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்ப வெட்டுறீங்க?" என்று தினமும் கேட்கத் தொடங்கினார்கள். நான் மேடத்தை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

அவர் மரம் மரமாகப் பார்த்தார். நல்ல கட்டையும் கெட்ட கட்டையும் சேர்கிற எல்லையில் சிறு துண்டுகளாகச் சீவி எடுத்தார். முழுக்கச் செத்த இடத்தில் கண்டதும் வந்து தின்னும். கொன்றவனைப் பிடிக்க எல்லையில்தான் தேட வேண்டும் என்றார். மச்சான் பின்னாலேயே நடந்தார்.

"வாடலா, இல்லையா?"

"ரெண்டு விதமா இருக்கலாம் சார். அந்த வாடலா இருந்தா வெட்டத்தான் வேணும். இன்னொண்ணு கிளையைக் கருக்குற பூஞ்சை. அதுவும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். அதுன்னா காஞ்ச கிளையை மட்டும் எடுத்து, மருந்து பூசி, தண்ணி காட்டினா மரம் தேறிரும்."

"அதான் கேக்கேன். இதுவா, அதுவா?"

"இப்போதைக்கு ரெண்டு மாதிரியும் இருக்கு."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, எல்லையில் எதிரியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். "மாப்ளே, தீவிரவாதியா, டூரிஸ்டான்னு கேட்டா, ரெண்டு மாதிரியும் இருக்காருங்காங்க இந்தம்மா."

தோப்பு வீட்டுக்குள்ளேயிருந்து அக்கா, "அது கெடக்கட்டும், அவிய சாப்பிட்டாகளான்னு கேளுலே" என்றாள்.

போகும்போது மேடம் சொல்லிவிட்டுப் போனார்: முடிவு தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். புதிதாகக் காய்கிற கிளையில் இரண்டு உறை அனுப்புங்கள். கருகின நுனி ஒன்றில், வாடித் தொங்குகிற இலையோடு கிளை ஒன்றில். முதல் உறையின் மேல் 'கருகல்', இரண்டாவதில் 'வாடல்' என்று எழுதுங்கள். மச்சான் கொட்டை எழுத்தில் எழுதி, டவுன் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். கருகல் மறுநாளே போய்ச் சேர்ந்தது. வாடல் உறை எந்த சீட்டுக்கு அடியில் ஊர் சுற்றியதோ, மூன்று நாளாகப் போகவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் போன் வந்தது. கடை வாசலில் லாரிக்குப் பஞ்சு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "அண்ணாச்சி, வாடல் மாதிரி வந்திருச்சு. உங்க மச்சான்கிட்ட சொல்லிருங்க" என்றார். வைத்துவிட்டார்.

நான் அப்படியே மச்சானுக்குப் போட்டேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "மச்சான், வாடல் மாதிரி வந்திருச்சாம்."

மச்சான் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தம்மாவே சொன்னாங்களா?"

"இப்பத்தான் போன்ல சொன்னாக."

"சரி."

இதில் மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் யோசித்தது சரியான யோசனை. இந்தம்மா மாதிரி என்று சேர்க்காமல் எதையும் சொன்னதே இல்லை. பஸ்ஸைக்கூட நம்பாதவர். அப்பேர்ப்பட்டவர் 'வாடல் மாதிரி வந்திருச்சு' என்று வலிய போன் போட்டுச் சொல்கிறார் என்றால், மற்றவர்கள் பத்து தடவை சத்தியம் செய்வதற்குச் சமம். அன்று சாயங்காலமே வேலியோரம் இருந்த மூன்று மரத்தை மச்சான் அறுத்துச் சாய்த்துவிட்டார்.

காலையில் அக்கா போன் செய்தாள். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. "ஏலே, உங்க மச்சான் மரத்தை வெட்டுதாரு, ஒருவாய் காப்பி குடிக்க மாட்டேங்காரு. அந்தம்மா என்னதாம்லே சொன்னாக?"

அப்போதே மேடத்துக்குப் போட்டு, அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"நான் எங்க அண்ணாச்சி வாடல்னு சொன்னேன்? வாடல்னு எழுதின உறையில உள்ள மாதிரி வந்து சேந்துருச்சுன்னு சொன்னேன்." பிறகு அவருக்கும் விளங்கிவிட்டது. "எத்தனை?"

"மூணு."

அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். அது ராஜபாளையம் போகுமா என்று அன்று அவரிடம் யாரும் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

வண்டியில் தோப்புக்குக் கூட்டிப்போனேன்; மச்சான் நான்காவது மரத்தடியில் ரம்பத்தோடு நின்றார். மேடம் நேராகப் போய் அவர் முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னார். மச்சான் முகம் கறுத்தது. என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். "அப்ப இது வாடல் இல்லையா?"

"தெரியாது சார். இன்னும் தெரியாது."

"தெரியாதுன்னே இருந்து, அது உண்மையிலேயே வாடலா இருந்தா? மிச்சம் முப்பத்தெட்டும் போகுமே. பக்கத்துத் தோப்புக்காரன் எம் முகத்துல முழிப்பானா?"

"போகலாம்" என்றார் மேடம். பொய் சொல்லத் தெரியாதவர்களிடம் இதுதான் கஷ்டம். "ஆனா இப்ப வெட்டிட்டா எதுவும் மிஞ்சாது. நாளைக்கு ஒரு தடவை நான் வந்து பாக்கிறேன். மறுநாளும் வாரேன். புதுசா ஒரு மரம் முழுசா வாடினா நானே வெட்டுங்கன்னு சொல்றேன்."

மச்சான் ரம்பத்தைக் கீழே வைத்தார். சாய்ந்து கிடந்த மூன்று மரத்திலும் மேடம் தனித்தனியே துண்டு எடுத்து, தனித்தனி உறையில் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர் தினமும் வந்தார். காலையில் திருவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து தோப்பைச் சுற்றிவிட்டு, திரும்பவும் போய் வேலையில் உட்காருவார். ஆய்வகத்தை நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, அதன் நடுவில் நம் மாமரத்துத் துண்டை வைத்திருந்தார். பூஞ்சை முதலில் பஞ்சு போல வெள்ளையாக வந்து, பிறகு சாம்பலாகி, கடைசியில் புகைபிடித்த அடுப்புச் சுவர் மாதிரி கறுத்துக் கிடந்தது. மரத்தைக் கொல்ல வந்தவனுக்கு இவ்வளவு விருந்தா என்றேன். "நல்லாச் சாப்பிட்டாத்தானே சுயரூபத்தைக் காட்டுவான்" என்றார்.

"கறுத்திருச்சே. இது கருகல்தானே மேடம்? வாடல் இல்லையே?"

"அந்தப் பக்கம்தான் சாயுது. விதைத்தூள் இன்னும் முத்தல. பிஞ்சில எல்லாம் நிறமில்லாம ஒண்ணு போலத்தான் இருக்கும். முத்தினாத்தான் கறுத்து, நடுவுல தடுப்பு விழுந்து, மேல வரி வரும்."

"வரி எப்ப வரும்?"

"அதுக்குத் தோணும்போது."

அவர் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம் விழுந்திருந்தது. முதல் எழுத்தும் வந்துவிட்டது என்றும், ஆண்டாள் என்று கூப்பிட்டதற்கு ஏழு பேர் திரும்பியிருக்கிறார்கள் என்றும், அப்பா பெயருக்கு இன்னொரு இடத்து எழுத்தைப் படிக்க அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். எங்கள் அக்காவின் தம்பிதானே. நேற்றுச் சாப்பிட்டதாகச் சொன்னார்.

மச்சானும் அங்கே தூங்கவில்லை. விடிந்ததும் எழுந்து ஒவ்வொரு மரமாக எண்ணிப் பார்ப்பாராம். எண்ணிக்கையில் யாரும் குறையவில்லை என்றால்தான் பல் தேய்ப்பார்.

ஒரு சனிக்கிழமை என்னை வரச்சொன்னார் மேடம். உருப்பெருக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். பழுப்பு நிறத்தில் நெல்மணி போல ஒன்று. நடுவில் ஒரு தடுப்பு. நீளவாக்கில் வரி வரியாகக் கோடு.

"அணில் முதுகு மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

"நீங்களும் கத்துக்கிட்டீங்களா?" முதல் தடவையாகச் சிரித்தார். ரெண்டாவது எழுத்தும் காலையில் வந்துவிட்டதாம். லட்சணமும் இரண்டு எழுத்தும் ஒரே ஆளைக் காட்டுகின்றன. அன்றைக்கே தோப்புக்குப் போனோம்.

மச்சான் கேட்பதற்கு முன்னாலேயே மேடம் சொன்னார். "இது வாடல் இல்லை சார். கிளை கருகல். லேசியோடிப்ளோடியா."

"என்னது?"

இன்னொரு தடவை சொன்னார்.

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வேலிப்பக்கம் திரும்பினார். அங்கே மூன்று அடிக்கட்டை இருந்தது.

"அப்ப இந்த மூணு?"

நான் மச்சானுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மேடத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், கையை விரித்தேன். சொல்ல முடியாது என்று சொல்லுங்கள், அது வேறு நோயாகவும் இருக்கலாம் என்று சொல்லுங்கள், உங்களுக்கு வராத பேச்சா! வாழ்நாள் முழுக்க எல்லாவற்றிலும் மாதிரி போட்டவர் இங்கே ஒன்று போட்டால் மச்சானுக்கும் ஆறுதல், அவருக்கும் பழி இல்லை, எனக்கும் இல்லை.

"அண்ணாச்சி, கழுத்து வலிக்கா?" என்று கேட்டார். புரியாமல் கேட்டாரா, புரிந்து கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"அதுவும் இதேதான் சார். மூணுலயும் எடுத்துப் பாத்தேன். கிளையை எடுத்திருந்தாப் போதும். தேறியிருக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயம். என் வாயால போன மரம் அது. அறை நெறைய மாதிரியை வச்சிக்கிட்டு, எதைச் சொல்றேன்னு யோசிக்காமச் சொல்லிட்டேன்."

மச்சான் அடிக்கட்டை பக்கத்தில் போய் நின்றார். அறுத்த இடத்தில் கையை வைத்துத் தடவினார். மலைப்பக்கமிருந்து காற்று வந்து முப்பத்தெட்டு மரத்திலும் காய்ந்த இலையைச் சரசரக்க வைத்தது.

"அறுத்தது என் கை" என்றார் மச்சான். "நாலு வார்த்தை கேட்டுட்டு அறுத்திருக்கணும்." வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது ரம்பமும், ஒரு பாட்டில் ஸ்பிரிட்டும், ஒரு துண்டு சாக்பீஸும் கொண்டுவந்தார். சாக்பீஸை மேடத்திடம் நீட்டினார்.

"எங்க அறுக்கணும்னு கோடு போடுங்க. நீங்க போட்ட கோட்டுல அறுக்கேன்."

மேடம் முதல் மரத்தில் கோடு போட்டார். மச்சான் ரம்பத்தைத் துடைத்துவிட்டு அறுத்தார். "இது வரைக்கும் போதுமா?" "போதும்." "இதுல?" "இன்னும் ஒரு சாண் கீழ." ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்காமல் அவர் போகவில்லை. வெட்டு வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையை அக்கா பூசிக்கொண்டே வந்தாள். எனக்குக் கொடுத்தது ஏணியைப் பிடிக்கிற வேலை. பொழுது சாய்கிற வரை மச்சான் மரத்தின் மேலே, மேடம் கீழே. ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டார்களே ஒழிய, நடுவில் நின்ற என்னிடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லி அனுப்பவில்லை.